டெல்லியில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரைக் கோவைக்குக் கொண்டு வருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டெல்லியிலிருந்து கோவைக்குச் சாலை வழியே சுமார் 2,500 கிலோமீட்டர். லாரியில் வரும் கார் அந்தத் தூரத்தில் அடிபடுவது குறைவு. லாரியில் ஏற்றும் பத்து மீட்டரிலும் இறக்கும் பத்து மீட்டரிலும்தான் பெரும்பாலும் அடிபடுகிறது. பணம் மாட்டிக்கொள்வது பேப்பரில். கார் வந்து வாசலில் நிற்கும், பதிவு மட்டும் மாதக்கணக்கில் நகராது.

செகண்ட் ஹேண்ட் போர்ஷே, பி.எம்.டபிள்யூ இசட்4, ஆடி டிடி மாதிரி கார்களை வடக்கே வாங்கி இங்கே கொண்டுவருபவர்களோடு நான் கூடவே நின்று வேலை பார்த்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். எல்லா வேலையையும் செய்கிறார்கள், ஆனால் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முழுப் பணம் கொடுக்கும் முன்: பேப்பர்

முதலில் எம்பரிவாகன் செயலியில் கார் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பதிவு எந்தத் தேதி வரை செல்லும், எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறதா, இன்சூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோடு இருக்கின்றனவா என்பதெல்லாம் அதில் தெரியும். கடன் பதிவு இருந்தால், விற்பவர் “கட்டி முடித்துவிட்டேன்” என்று சொல்வது போதாது. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும்.

அடுத்து, இ-சலான் தளத்தில் நிலுவை அபராதங்களைப் பாருங்கள். வேகமாகப் போகும் காருக்கு டெல்லி கேமராக்கள் எழுதிய சலான் வரிசையாக இருக்கும். அதைத் தீர்க்காமல் டெல்லி ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (காரை வேறு ஊருக்கு மாற்றத் தடையில்லை என்ற சான்று) வாங்குவது கஷ்டம். விலை பேசும்போதே இதை விற்பவர் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காரின் வயதையும் பாருங்கள். 15 வருடத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் கார், 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் கார் டெல்லியில் ஓடுவதற்குத் தடை விதித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது; 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு விதிகள் மாறி மாறி வந்திருக்கின்றன. டெல்லியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 15-ஐ நெருங்கும் கார் என்றால், இந்தக் காருக்கு, தமிழ்நாட்டுக்கு, என்.ஓ.சி. தருவார்களா என்பதை விற்பவரின் ஆர்.டி.ஓ.விடமே கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கையெழுத்தாக வேண்டிய படிவங்கள் மூன்று. படிவம் 28 என்.ஓ.சி.க்கானது. 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. கூடவே விற்பனை ரசீது, விற்பவரின் பான், முகவரிச் சான்று நகல்கள். டீலரிடம் வாங்கினால், பழைய ஓனர் காரை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் படிவம் 29சி போட்டார்களா என்றும் கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அந்த முறை இருக்கிறது.

என்.ஓ.சி.யில் எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்று எழுத வேண்டும். “கோயம்புத்தூர்” என்று மட்டும் சொன்னால் சிக்கல். தெற்கு 37, வடக்கு 38, மத்தியம் 66, மேற்கு 99 என்று நான்கு அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் ஆதார் முகவரி எதன் கீழ் வருகிறது என்று இங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு டெல்லியில் சொல்லுங்கள்.

இங்கே இன்னொன்று, பலரும் மறப்பது: சேசிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட். என்.ஓ.சி. மனுவோடு அதைக் கேட்பார்கள். கார் லாரி ஏறிய பிறகு கேட்டால் டெல்லியில் பிரிண்ட் எடுக்கக் கார் இருக்காது. எண் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, ஏழெட்டுப் பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. அப்படியே அந்த எண் ஆர்.சி.யில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

2. லாரி பேசும் முன்: இன்சூரன்ஸ்

கார் கைமாறினால் மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாகவே வாங்கியவருக்கு மாறியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு கருதுகிறது. ஆனால் உங்கள் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு அது பொருந்தாது. பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்து, ரேம்ப்பில் (லாரியில் ஏற்றும் சரிவுத் தளம்) பம்பர் உடைந்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். மாற்றிக்கொள்ளச் சொல்லி 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். கையெழுத்தான 29, 30 படிவங்களையும் ரசீதையும் இணைத்து, பணம் கொடுத்த அன்றே மின்னஞ்சல் போடுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள்.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் தனியார் காருக்கான வழக்கமான முழு பாலிசியின் வாசகத்தில், சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, விமானம் வழியே கார் கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதமும் சேர்ந்திருக்கிறது. அதாவது லாரி மேல் இருக்கும் காரும் உங்கள் பாலிசிக்குள்தான். பாலிசி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பிரதியில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

“நாங்களே இன்சூரன்ஸ் போட்டுத் தருகிறோம்” என்று டிரான்ஸ்போர்ட்காரர் சொல்வார். அப்படியானால் உங்கள் பெயர், சேசிஸ் எண், காரின் மதிப்பு மூன்றும் உள்ள சான்றிதழ் கார் ஏறும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டும். உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசிகளில் ஏ, பி, சி என்று வகைகள் உண்டு. ஏ வகைதான் எல்லா விதமான சேதத்துக்கும் விரிவாக வருவது. ரசீதில் ‘எஃப்.ஓ.வி. 3 சதவீதம்’ (காரின் மதிப்பின் மேல் போடும் கட்டணம்) என்று ஒரு வரி எழுதிப் பணம் மட்டும் வாங்குவார்கள். பல நேரம் அதற்குப் பின்னால் எந்தப் பாலிசியும் இருக்காது.

லாரிக்காரரின் பொறுப்பையே நம்பி இருக்க முடியாது. 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் அவருடைய பொறுப்பைக் கூலியின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. கூலி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிகபட்சம் 6 லட்சம்தான். காரோ 60 லட்சம். அதிக மதிப்பை அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணமும் கட்டியிருந்தால் மட்டுமே இந்த வரம்பு உயரும். வழக்குப் போடுவதானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

3. ஓட்டி வருவதா, ஏற்றி வருவதா

ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு என்று 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் புதுக் காரை ஓட்டி வருவது நல்ல அனுபவம்தான். ஆனாலும் சமீபத்தில் வாங்கிய, சர்வீஸ் வரலாறு முழுக்கத் தெரியாத ஸ்போர்ட்ஸ் காரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் காரணம் டயர். இந்தக் கார்கள் வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். டயரில் பூ அப்படியே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஆறு வயது தாண்டிய டயரோடு மே மாதத் தெலங்கானா வெயிலில் நெடுஞ்சாலை வேகத்தில் வருவது ஆபத்து.

இரண்டாவது, இந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஒட்டும் திரவமும் ஒரு சின்ன கம்ப்ரஸரும்தான். பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது. 19, 20 அங்குலத்தில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று வேறு வேறு அளவில் இருக்கும் டயர் ஆதிலாபாத்தில் கிடைக்காது.

பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோவைக்கு என்றால் தாராளமாக ஓட்டி வாருங்கள். இன்சூரன்ஸ் மாறியிருக்க வேண்டும், டயர் வயது சரியாக இருக்க வேண்டும், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் ஆயிலையும் கூலன்ட்டையும் பார்த்திருக்க வேண்டும்.

4. எந்த வகை வண்டி

கிடைப்பவை மூன்று வகை.

ஒன்று, பல கார் ஏற்றும் நீளக் கண்டெய்னர். கம்பெனிகள் புதுக் கார்களை அனுப்பும் அதே வண்டி, இரண்டு அடுக்கு. கூலி குறைவு. ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்கு இது நான் கடைசியாகத்தான் நினைக்கும் வழி. உள்ளே அகலம் குறைவு. இரண்டு கதவுக் காரின் கதவு சாதாரணக் காரின் கதவைவிட நீளம். டிரைவர் உள்ளே கொண்டுபோய் நிறுத்தியதும் கதவை ஒரு சாண்தான் திறக்க முடியும். அவர் உடம்பை நெளித்து வெளியே வரும்போது கதவின் ஓரம் கண்டெய்னரின் இரும்புத் தூணில் உட்காரும், பெயின்ட் அங்கே பெயரும். அவருடைய பெல்ட் பக்கிள் சீட்டின் பக்கவாட்டுத் தோலைக் கீறும். ஹூப்ளியில் ஒரு கார் இறங்க வேண்டும் என்றால் உங்கள் காரையும் இறக்கி ஏற்றுவார்கள். ஏற்றி இறக்குவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் காருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, ஒரே காரை ஏற்றும் திறந்த ஃப்ளாட்பெட். தளம் சரிந்து தரையைத் தொடும் ஹைட்ராலிக் வண்டியானால் தாழ்ந்த கார் ஏறுவது சுலபம். கல் தெறிப்பது, மழை, வழியில் கைபோடும் வேடிக்கைக்காரர்கள் ஆகியவை இதன் குறை. நகரத்துக்குள் 20, 30 கிலோமீட்டருக்கு இதுவே சிறந்தது. 2,500 கிலோமீட்டருக்கு வேண்டாம்.

மூன்றாவது, ஒரே காருக்கான மூடிய வண்டி. செலவு முதல் வகையைப் போலப் பல மடங்கு ஆகும். காரின் விலையோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான். டெல்லியில் ஏறினால் கோவையில்தான் இறங்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் இதையே எடுங்கள். வேறு ஒரு காரோடு பகிர்ந்துகொள்ளும் இரண்டு கார் வண்டி கிடைத்தால் அதுவும் சரி, உங்கள் கார் கடைசியாக ஏறி முதலில் இறங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

5. டிரான்ஸ்போர்ட்டரைப் பிடிப்பது

இணையத்தில் தேடினால் வரும் எண்களில் பாதி இடைத்தரகர்கள். அவர்களிடம் வண்டி இருக்காது. பெரிய பேக்கர்ஸ் கம்பெனிகளின் பெயரை ஓர் எழுத்து மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. மூவரிடம் விலை கேளுங்கள். ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். கார் வழியில் இருக்கும்போது “டோல் ஏறிவிட்டது, இன்னும் 25,000 போடுங்கள்” என்று போன் வருவது அந்த வகை ஆட்களிடமிருந்துதான். கார் அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் பேச முடியாது.

ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி அரசுத் தளத்தில் பாருங்கள். பணம் அதே பெயருள்ள நடப்புக் கணக்குக்குத்தான் போக வேண்டும், ஒரு தனி ஆளின் யு.பி.ஐ.க்குப் போகக் கூடாது. ஒரு பகுதி ஏற்றும்போது, மீதி இறக்கிப் பார்த்த பிறகு என்று பேசுங்கள்.

புக் செய்யும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்க வேண்டிய கேள்விகள்: லாரியின் எண் என்ன, ரேம்ப் எவ்வளவு நீளம், விஞ்ச் (காரைக் கம்பியால் இழுத்து ஏற்றும் கருவி) இருக்கிறதா, வழியில் வண்டி மாற்றுவீர்களா, யார்டில் நிறுத்தினால் கூரை உண்டா, காரைச் சாலையில் ஓட்டுவீர்களா. கடைசிக் கேள்வி முக்கியம். பலர் காரை வீட்டிலிருந்து யார்டுக்கு, யார்டிலிருந்து வீட்டுக்கு என்று தங்கள் ஆளை வைத்து ஓட்டுவார்கள். ஓட்டக் கூடாது, ஃப்ளாட்பெட்டில்தான் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். யாராவது இளைஞன் கையில் 300 குதிரைத்திறனைக் கொடுத்து அனுப்புவது சரியல்ல.

டீலர் பில் போட்டு விற்ற காரானால் இ-வே பில்லை (சரக்கோடு போகும் மின்னணு ஆவணம்) டீலரிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள். தனி ஆளிடம் வாங்கியதானால் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, விற்பனை ரசீது ஆகியவற்றின் நகல்களைத் தெளிவாக ஒரு உறையில் போட்டு டிரைவரிடம் கொடுங்கள். அசல் எதையும் லாரியில் அனுப்பாதீர்கள். அசல் பேப்பர்களும் இரண்டாவது சாவியும் உங்கள் கையோடு விமானத்தில் வரட்டும்.

6. ஏற்றுவதற்கு முந்தைய நாள்: காரைத் தயார் செய்வது

காரைக் கழுவுங்கள். அழுக்கு மேல் கீறல் தெரியாது, படத்திலும் பதியாது.

பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். நான்கு பக்கம், கூரை, நான்கு ரிம்மும் தனித்தனியாக, முன்பக்கக் கண்ணாடி, முன் பம்பரின் அடிப்பகுதி. பம்பர் அடியைக் குனிந்து, போனைத் தரையோடு வைத்து எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ரேம்ப்பில் உரசும் இடம் அதுதான், பழைய உரசலா புது உரசலா என்ற சண்டை வருவதும் அங்கேதான். ஓடோமீட்டர் எண்ணும் பெட்ரோல் அளவும் ஒரே படத்தில் வரட்டும்.

பெட்ரோல் கால் டேங்க் போதும். எடையும் குறையும், தீ அபாயமும் குறையும். வண்டியில் ஏற, இறங்க, வீடு போய்ச் சேர அது தாராளம்.

பேட்டரியைச் சோதித்து, தேவையானால் மாற்றிவிடுங்கள். பத்து நாள் நின்றால் பலவீனமான பேட்டரி இறங்கிவிடும். இந்தக் கார்களில் அதன் விளைவு மோசம். போர்ஷே 911, பாக்ஸ்டர், கேமன் ஆகியவற்றில் பேட்டரி முன்பக்க மூடியின் கீழே இருக்கிறது. அந்த மூடி மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி செத்தால் பேட்டரியை அடையவே முடியாது. டிரைவர் கால் பக்கத்தில் உள்ள ஃப்யூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுத்து, வேறு பேட்டரியிலிருந்து அதற்கு 12 வோல்ட் கொடுத்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும். உங்கள் மாடலில் இது எப்படி என்று கையேட்டில் பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

பேட்டரி செத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. சுற்றிலும் சட்டகம் இல்லாத கண்ணாடி உள்ள கதவுகளில், கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழே இறங்கி வழிவிடும். மின்சாரம் இல்லையென்றால் இறங்காது. அப்படியே வேகமாக அடித்து மூடினால் ரப்பரோ கண்ணாடியோ போகும்.

அலாரத்தின் உட்புற உணர்வியையும் சாய்வு உணர்வியையும் அணைத்துப் பூட்டும் முறையைக் கண்டுபிடியுங்கள். லாரி ஆடும்போதெல்லாம் அலாரம் கத்தினால், இரண்டே நாளில் பேட்டரி காலி. டிரைவரும் பொறுமையிழந்து ஏதாவது வயரைப் பிடுங்குவார்.

விற்பவரின் ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், கணக்கையும் மூடச் சொல்லுங்கள். திறந்த வண்டியில் வரும் காரின் ஃபாஸ்டேக்கை டோல் ரீடர் படித்து, லாரிக்கும் காருக்கும் சேர்த்துப் பணம் எடுத்த கதைகள் உண்டு. அதோடு, பழைய டேக் மூடப்படாமல் உங்கள் பெயரில் புது டேக் வாங்க முடியாது.

காருக்குள் வேறு பொருள் எதுவும் வைக்காதீர்கள். பழைய ஓனர் மாற்றிப் போட்ட சைலன்சருக்குப் பதிலாகக் கழற்றி வைத்த அசல் சைலன்சர், அசல் ஸ்டியரிங் போன்றவற்றை நிச்சயம் கேட்டு வாங்குங்கள். இங்கே ஆய்வின்போது அது தேவைப்படும். ஆனால் தனிப் பார்சலில் அனுப்புங்கள். டிக்கியில் கிடக்கும் இரும்புச் சைலன்சர் 2,500 கிலோமீட்டர் குதித்தால் உள்ளே எல்லாம் போய்விடும். கார் கவரும் போட வேண்டாம். காற்றில் அடித்து, இடையில் சிக்கிய தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் தேய்த்தது போலப் பெயின்ட்டை மங்கடிக்கும்.

7. ஏற்றும் நேரம்

இந்த இடத்தில் நீங்களோ உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரோ கட்டாயம் நிற்க வேண்டும். விற்பவரை நம்பி விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள், அவர் வேலை முடிந்துவிட்டது.

சமதளமான இடமும் பகல் வெளிச்சமும் வேண்டும். பெரிய வண்டிகள் பகலில் டெல்லிக்குள் வர முடியாது. அதனால் இரவு பதினொன்றுக்கு ஏற்றலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். காரை ஃப்ளாட்பெட்டில் நகருக்கு வெளியே உள்ள யார்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் ஏற்றுங்கள்.

டிரைவரோடு சேர்ந்து காரைச் சுற்றி வந்து, நிலை அறிக்கையில் இருக்கும் கீறல்களை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பிறகு லாரியின் நம்பர் பிளேட்டில் தொடங்கிக் காரைச் சுற்றி முடியும் ஒரே வீடியோ எடுங்கள், இடையில் நிறுத்தாமல்.

ரேம்ப்பின் சரிவைப் பாருங்கள். சாதாரணக் காருக்கான ரேம்ப்பில் தாழ்ந்த காரின் மூக்கு, முன் சக்கரம் ஏறுவதற்கு முன்பே இடிக்கும். வழி என்னவென்றால், ரேம்ப்பின் முன் நீளமான தடித்த மரப் பலகைகளை வைத்துச் சரிவை இரண்டு கட்டமாக்குவது. லாரியின் பின் சக்கரங்களைச் சற்றுப் பள்ளமான இடத்தில் நிறுத்தினாலும் கோணம் குறையும். ரேம்ப் முடிந்து தளம் தொடங்கும் முனையையும் பாருங்கள். மூக்கு தப்பினாலும் வயிறு அங்கே உட்கார்ந்துவிடும். முன் ஆக்ஸில் தூக்கும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். குறிப்பிட்ட வேகம் தாண்டினால் அது தானே இறங்கிவிடும், ஆகவே மெதுவாக.

ஒருவர் குனிந்து பம்பருக்கும் ரேம்ப்புக்கும் இடையே கண் வைத்திருக்கட்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தால் தொடரலாம். “போகும் சார், போகும்” என்று கிளீனர் சொன்னாலும், நீங்கள் கண்ணால் பார்க்காமல் நகர்த்தவிடாதீர்கள்.

இன்ஜின் ஓட்டத்தில் ஏற்றுவதைவிட விஞ்ச்சில் இழுப்பது நல்லது. இரட்டை கிளட்ச் கியர் உள்ள காரைச் சரிவில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் சூடாகித் தேயும். தெரியாத டிரைவர் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் கார் எகிறும். விஞ்ச் கொக்கியைக் காரோடு வரும் இழுவை வளையத்தில்தான் மாட்ட வேண்டும். பம்பரில் சின்ன மூடியைத் திறந்து அதைத் திருக வேண்டும். போர்ஷே போன்ற பல ஜெர்மன் கார்களில் அது இடது மரை, எதிர்த் திசையில் திருகினால்தான் ஏறும். முழுதாக இறுகும் வரை திருகாமல் பாதியில் இழுத்தால் பிய்த்துக்கொண்டு வரும்.

ஏறிய பிறகு கட்டும் விதம். டயரின் மேல் சுற்றிப் போடும் அகலமான பெல்ட், நான்கு சக்கரத்துக்கும், வேண்டும். இப்படிக் கட்டினால் கார் தன் ஸ்பிரிங்கில் சற்று ஆடும், சக்கரம் மட்டும் நகராது, அதுதான் சரி. அலாய் வீலின் கம்பிகளுக்கு இடையே கயிற்றை நுழைத்துக் கட்டுவார்கள். ரிம் கீறும், வேண்டாம். சஸ்பென்ஷன் கைகளில் சங்கிலி மாட்டுவது அதைவிட மோசம், அலைன்மென்ட் போய்விடும். இழுவை வளையத்தையும் கட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர் பார்க்கில், ஹேண்ட்பிரேக் போட்டு.

டிரைவரிடம் ஒரு தாள் கொடுங்கள், இந்தியில் எழுதினால் இன்னும் நல்லது. சாவி போடும் இடம் ஸ்டியரிங்குக்கு எந்தப் பக்கம், ரிவர்ஸ் எப்படி, ஹேண்ட்பிரேக் பட்டன் எங்கே, மூக்கைத் தூக்கும் பட்டன் எது. ஒரு சாவிதான் கொடுக்க வேண்டும். சீட், ஸ்டியரிங், தரை மூன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள்.

8. வழியில் இருக்கும் நாட்கள்

பேட்டரியில் ஓடும் சின்ன ஜி.பி.எஸ். கருவி ஒன்றைக் காருக்குள் வைத்துவிட்டால் நிம்மதி. டிசம்பர், ஜனவரியில் வட இந்திய மூடுபனியால் தாமதம் சகஜம். அதற்காக டிரைவரை விரட்டாதீர்கள். கார் ஒரே ஊரில் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் மட்டும் அலுவலகத்தைக் கேளுங்கள், அங்கே வண்டி மாற்றுகிறார்களா என்று.

9. இறக்குவது

பெரிய வண்டி உங்கள் தெருவுக்கு வராது. சேலம், ஈரோடு, அவினாசி வழியாக 544-ம் எண் நெடுஞ்சாலையில் வரும் வண்டிக்கு நீலம்பூர் பக்கம் வசதி. அகலமான, சமதளமான பெட்ரோல் பங்க்கோ லாரி நிறுத்துமிடமோ முன்கூட்டியே பார்த்து, அனுமதி கேட்டு வையுங்கள். அங்கிருந்து வீட்டுக்கு உள்ளூர் ஃப்ளாட்பெட் சொல்லிவிடலாம், அல்லது பேட்டரியும் டயரும் சரியாக இருந்தால் நீங்களே ஓட்டலாம். வீட்டு வாசல் சரிவில் கார் ஏறுமா என்பதையும் இப்போதே அளந்து பாருங்கள். இரண்டு பலகை தேவைப்படலாம்.

இறங்குவதற்கு முன்பே, லாரி மேல் இருக்கும்போதே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். ஏற்றும்போது செய்த அதே பலகை, அதே கவனம். இறங்கும்போது பின்பக்கம் முதலில் வரும் என்பதால் டிஃப்யூசரும் (பின் பம்பரின் அடிப்பகுதி) சைலன்சர் முனையும் இடிக்கும் வாய்ப்பு உண்டு.

பிறகு டெல்லியில் எடுத்த படங்களைப் போனில் திறந்து, ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கதவு ஓரங்கள், ரிம்கள், பம்பர் அடி, ஓடோமீட்டர். டிரைவர் அவசரப்படுத்துவார். கையெழுத்துப் போட்டுவிட்டால் “நல்ல நிலையில் பெற்றேன்” என்று ஆகிவிடும். புதுச் சேதம் இருந்தால் அதை டெலிவரி ரசீதின் மேலேயே எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அன்றே டிரான்ஸ்போர்ட்டுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மின்னஞ்சல். சர்வேயர் வந்து பார்க்கும் வரை ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள்.

10. வீடு வந்த பிறகு

முதல் ஓட்டத்துக்கு முன் டயர் காற்றைப் பாருங்கள், சிலர் கட்டும்போது காற்றைக் கூட்டியோ குறைத்தோ விடுவார்கள். அடியில் ஆயில் சொட்டு இருக்கிறதா பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஆசையாக இருந்தாலும் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போவது முழு சர்வீஸும் டயர் மாற்றமும் முடிந்த பிறகுதான்.

வேறு மாநிலப் பதிவோடு ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. இதைக் கேட்டுவிட்டு “ஒரு வருடம் இருக்கிறதே” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் காரை வாங்கியவர். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 50-வது பிரிவு சொல்கிறது. டெல்லி என்.ஓ.சி. வந்ததும் படிவம் 27, 29, 30 மூன்றையும் சேர்த்து உங்கள் ஆர்.டி.ஓ.வில் கொடுத்துவிடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் காரை நேரில் பார்ப்பார். நிறம் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டி நிறம் மாற்றியிருந்தால் முன்பே உரித்துவிடுங்கள். அந்த அசல் சைலன்சரையும் மாட்டிவிட்டுப் போங்கள்.

பெரிய செலவு வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபின், 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு 20 சதவீதம். வெளிமாநிலப் பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும். ஆனாலும் லட்சக்கணக்கில்தான் வரும். கார் விலை பேசும்போதே இந்தத் தொகையையும் கூட்டிப் பாருங்கள். டெல்லியில் மலிவாகக் கிடைத்தது போலத் தெரிந்த கார், வரியும் லாரிக் கூலியும் சேர்ந்தபின் சென்னையில் கிடைக்கும் காரின் விலைக்கே வந்து நிற்பதுண்டு. இங்கே வரி கட்டிய ரசீதை வைத்து, டெல்லியில் கட்டிய வரியின் மீதிக் காலத்துக்குத் திருப்பிக் கேட்க மனு போடலாம். முதலில் கட்டியவர் பழைய ஓனர் என்பதால், அந்த மனுவுக்குத் தேவையான அவரது ஒப்புதல் கடிதத்தை 29, 30-ல் கையெழுத்து வாங்கும் அன்றே வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் போனை எடுக்க மாட்டார்.

புது எண் வந்ததும் அதை இன்சூரன்ஸ் பாலிசியில் மாற்றுங்கள், பிறகு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், அதன் பின் அந்த எண்ணில் ஃபாஸ்டேக்.